முடியலையா, முடியாதா: காரைக்குடியில் வாங்கிய மரப்புதிர்ப் பெட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடைகளுக்கு நடுவே ஒரு கடையில் தேக்கில் செய்த புதிர்ப் பெட்டி விற்கிறார்கள். போன மாசியில் ஒன்று வாங்கினேன். விலை 2,650 ரூபாய். வைகாசி வரைக்கும் அதோடு கிடந்துவிட்டு இதை எழுதுகிறேன். வாங்கலாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே உட்கார்ந்து ஒரு சோதனை போட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் மரத்தைப் பற்றி. எங்கள் பக்கம் பங்காளிகள் பிரிந்து, ஆளில்லாமல் போய், கடைசியில் இடித்து விற்கிற வீடுகளின் தூணும் உத்தரமும் நிலையும் அந்தத் தெருவுக்குத்தான் வந்து சேரும். பெரிய சாமான்கள் ஓட்டல்காரர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் போய்விடும். மிஞ்சுகிற துண்டுக் கட்டைகளை வைத்து ஓர் ஆசாரி இந்தப் பெட்டிகளைச் செய்கிறார். பர்மாத் தேக்கு. மூடியைத் திறந்தால் பழைய வீட்டுப் பெட்டக வாசனை வருகிறது. உள்ளே இருக்கிற விளையாட்டு வட்டு ஒன்றில், ஜன்னல் கட்டையாக இருந்த காலத்து ஆணித் துளை அப்படியே இருக்கிறது. மெழுகு வைத்து அடைக்காமல் விட்டிருக்கிறார். அது எனக்குப் பிடித்தது.

நான் பள்ளத்தூர். ஜவுளிக்கடை ஒன்றில் 34 வருடம் கணக்கு எழுதினேன். என் ஐயா, அதாவது தாத்தா, பதிமூன்று வயதில் வட்டிக்கடையின் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பலேறி, கடையின் ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்து திரும்பியவர். சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்துகொண்டு பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ‘அரைக்காலுக்கு எத்தனை வீசம்? ஒரு மாவுக்கு எத்தனை முந்திரி?’ என்று கேட்பார். அரைக்கால் என்றால் 8இல் ஒரு பங்கு, வீசம் என்றால் 16இல் ஒரு பங்கு, முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு. மாவுக்கு 16 முந்திரி என்று சொன்னவனுக்கு ஒரு சீடை. தப்பாகச் சொன்னவனுக்கும் ஒரு சீடை உண்டு, ஆனால் ஏன் தப்பு என்று சொன்ன பிறகுதான். அந்த வழக்கம் என் எலும்பில் இருக்கிறது. அதனால் இந்தப் பெட்டியை நான் பொம்மையாகப் பார்க்கவில்லை.

உள்ளே ஐந்து விளையாட்டும் ஒரு சிறு புத்தகமும் இருக்கின்றன. ஆடுபுலிக் கட்டம் ஒன்று. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலிகள் பித்தளை, ஆடுகள் மரம். செதுக்கல் ஆழமாக இருப்பதால் காய் நகரும்போது வழுக்குவதில்லை. நம் ஊர்த் திண்ணைகளில் விளையாடிப் பழகியவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 33 குழிப் பலகை அடுத்தது. 32 கோலி வைத்து, ஒன்றையொன்று தாண்டி எடுத்து, நடுக்குழியில் ஒன்றே ஒன்று மிஞ்ச வேண்டும். ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு கோலி போகிறது, ஆகவே எப்படி விளையாடினாலும் 31 தாண்டல்தான். குழிகள் சற்று ஆழக் குறைவு. மேசையை யாராவது இடித்தால் கோலி ஓடுகிறது.

சோமா கட்டை என்று ஏழு துண்டு. டென்மார்க்கின் பியட் ஹைன் கண்டுபிடித்தது. 27 சின்னக் கனசதுரங்களை ஒட்டி ஏழு உருவங்களாக்கி, அவற்றை மறுபடி ஒரே பெரிய கனசதுரமாகச் சேர்க்கச் சொல்வார்கள். திருப்பி வைத்ததையும் கண்ணாடிப் பிம்பத்தையும் தனியாக எண்ணாவிட்டால் 240 வழி உண்டு. 1961இல் ஜான் கான்வே, மைக்கேல் கை என்ற இரு கணிதக்காரர்கள் கணினி இல்லாமல் கையாலேயே அத்தனையும் எண்ணி முடித்தார்கள். எங்கள் வீட்டில் இதுவரை 6 வழி கிடைத்திருக்கிறது. ஒரு துண்டின் ஒட்டு இரண்டாம் வாரமே விட்டுப்போனது. வச்சிரம் தடவிச் சரிசெய்தேன். 2,650 ரூபாய்ச் சாமானில் இது நடந்திருக்கக் கூடாது.

ஹனோய் கோபுரத்துக்கு வருகிறேன். மூன்று குச்சி, எட்டு வட்டு. பெரியது கீழே, சிறியது மேலே. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம், சிறியதன் மேல் பெரியது உட்காரக் கூடாது, முழுக் கோபுரமும் வேறு குச்சிக்குப் போக வேண்டும். 1883இல் பிரான்சின் எதுவார் லூக்கா என்ற கணித ஆசிரியர் இதை வெளியிட்டார். காசியில் ஒரு கோவிலில் 64 பொன் வட்டுகளைப் பூசாரிகள் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள், அது முடிகிற அன்று உலகம் முடியும் என்றொரு கதையும் அதோடு கட்டிவிட்டார்கள். காசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கதை பாரிஸில் பிறந்தது. ஆனால் கணக்கு உண்மை. நொடிக்கு ஒன்று என்று நகர்த்தினாலும் 64 வட்டுக்கு ஏறத்தாழ 58,500 கோடி வருடம் ஆகும்.

சித்திரை விடுமுறைக்கு மகள் வீட்டுப் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். பத்து வயது. வளவில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு ஒரு வட்டு, இரண்டு வட்டு, மூன்று வட்டு என்று சிறிதிலிருந்து தொடங்கி நோட்டில் எழுதினாள். 1, 3, 7, 15. அங்கே நிறுத்திவிட்டு, ‘ஐயா, அடுத்தது 31. நான் நகர்த்திப் பாக்கப் போறதில்ல’ என்றாள். எப்படித் தெரியும் என்றேன். ‘அடி வட்டை எடுக்கணும்னா மேல இருக்கிறதெல்லாம் ஒரு தடவ தள்ளிப் போகணும். அப்பறம் அடி வட்டு ஒரு தடவ. அப்பறம் எல்லாம் மறுபடி திரும்பி அது மேல வரணும். ரெண்டு மடங்கும் ஒண்ணும்’ என்றாள். எட்டு வட்டுக்கு 255. மழைக்காலத்தில் கடைசிச் சின்ன வட்டின் ஓட்டை ஊதி இறுகும் என்று தோன்றுகிறது, இப்போதே கொஞ்சம் பிடிக்கிறது. மற்றபடி இந்தப் பெட்டியிலேயே வேலைப்பாடு மிக நன்றாக இருப்பது இதுதான்.

இனி ஐந்தாவது. சிக்கல் அங்கேதான்.

நாலுக்கு நாலு சட்டம். 16 இடத்தில் 15 சதுரச் சில்லு, 1 முதல் 15 வரை எண் பொறித்தது. ஓர் இடம் காலி. காலி இடத்துக்குள் பக்கத்துச் சில்லைத் தள்ளித் தள்ளி எண்களை வரிசைப்படுத்த வேண்டும், காலி இடம் கடைசி மூலைக்கு வர வேண்டும். சில்லுகள் ஒன்றோடொன்று கோர்த்து, சட்டத்தின் காடிக்குள் ஓடுகின்றன. வெளியே எடுக்க முடியாது, கடைசிச் சட்டம் ஆணி வைத்து அடித்தது. ஓட்டம் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. எண்கள் கையால் செதுக்கியவை, 7இன் வளைவு மட்டும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு மாதிரி.

வாங்கி வந்த அன்று இரவே உட்கார்ந்தேன். முதல் வரிசை வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. நாலாவது வரிசையில் 13, 15, 14 என்று நின்றது. கலைத்தேன். மறுபடி 13, 15, 14. பதினோரு இரவு இப்படிப் போனது. ஒவ்வொரு தடவையும் வேறு வழியில் தொடங்கி, அதே வாசலில் வந்து நின்றேன். காரைக்குடிக்குப் பஸ் ஏறிப்போய்க் கடைக்காரரிடம் கேட்டேன். ‘சும்மா உருட்டுங்கண்ணே, வந்துரும். எல்லாருக்கும் வருது’ என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையால் இன்னும் ஒரு மாதம் உருட்டினேன்.

பேத்தி வந்த மூன்றாம் நாள் அவளும் உருட்டினாள். அவளுக்கும் 13, 15, 14. சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

‘ஐயா, இது முடியலையா, முடியாதா?’

எனக்குச் சுருக்கென்றது. அறுபது வருடம் கணக்கோடு வாழ்ந்த நான் அந்த இரண்டு சொல்லையும் பிரித்து வைக்கவில்லை. முடியலை என்பது ஆளைப் பற்றிய செய்தி. இன்றைக்கு முடியலை, நாளைக்கு முடியலாம், எனக்கு முடியலை, வேறு ஒருத்தருக்கு முடியும். முடியாது என்பது பொருளைப் பற்றிய செய்தி. அதைச் சொல்ல ஆயிரம் தடவை தோற்றது போதாது. காரணம் வேண்டும்.

காரணத்தை அவளும் நானுமாகத் தேடினோம். இரண்டு நாள் ஆனது. கிடைத்ததை நம் ஊர் வழக்கிலேயே சொல்கிறேன், ஏனென்றால் அவளுக்கு அப்படிச் சொன்னபோதுதான் எனக்கே விளங்கியது.

பதினைந்து பேர் வயது வரிசையில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சில்லு எண்தான் வயது. சட்டத்தை மேல் வரிசையிலிருந்து இடம் வலமாகப் படித்து, காலி இடத்தை விட்டுவிட்டு, ஒரே நீள வரிசையாக நிறுத்துகிறோம். ஒரு பெரியவர், தன்னைவிடச் சின்னவருக்கு முன்னால் நின்றால் அது ஒரு பிசகு. இருக்கிற எல்லா ஜோடியையும் பார்த்து எத்தனை பிசகு என்று எண்ண வேண்டும். பதினைந்து பேருக்கு 105 ஜோடி. எல்லாம் சரியாக நின்றால் பிசகு 0. 14உம் 15உம் மட்டும் மாறி நின்றால் பிசகு 1.

இப்போது ஒரு சில்லைப் பக்கவாட்டில் தள்ளினால் என்ன ஆகிறது? நீள வரிசையில் ஒன்றும் மாறவில்லை. சில்லு காலி இடத்தைத் தாண்டியது, ஆளைத் தாண்டவில்லை. பிசகு அப்படியே.

மேலோ கீழோ தள்ளினால்? அந்தச் சில்லு நீள வரிசையில் சரியாக மூன்று பேரைத் தாண்டிப் போய் நிற்கிறது. அந்த மூன்று பேரோடு மட்டும் அதன் முன்பின் மாறுகிறது. ஒவ்வொருவரோடும் பிசகு ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும். மூன்று ஒற்றைப்படை. ஆகவே மொத்தப் பிசகு 1 அல்லது 3 கூடும், அல்லது 1 அல்லது 3 குறையும். இரட்டைப்படையாக இருந்தது ஒற்றையாகும், ஒற்றையாக இருந்தது இரட்டையாகும். இந்த இடம் வந்ததும் பேத்தி சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மீதியை அவளே சொன்னாள்.

‘காலி எடம் கீழ் மூலைல ஆரம்பிச்சு கீழ் மூலைக்கே வரணும். எத்தன தடவ மேல போச்சோ அத்தன தடவ கீழ வந்திருக்கும். அப்ப மேல கீழ தள்ளுனது மொத்தம் ரெட்டப்படை. ரெட்டப்படை தடவ மாறுனா, ஒத்த ஒத்தயாவேதான் இருக்கும்!’

1 ஒற்றைப்படை. 0 இரட்டைப்படை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி கிடையாது. உலகத்தில் எவ்வளவு பெரிய கெட்டிக்காரர் வந்து உட்கார்ந்தாலும், ஆயுள் முழுக்க உருட்டினாலும், கிடையாது. நான் பதினோரு இரவும் ஒரு மாதமும் போராடியது என் குறையால் இல்லை. அன்றைக்கு வளவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? ஒரு விடை கிடைத்தால் வருகிற சந்தோஷம் எனக்குத் தெரியும், விடையே இல்லை என்பது உறுதியாகத் தெரியும்போது வருவது அதைவிடப் பெரியது. ‘ஆயா, முடியாது! நிச்சயமா முடியாது!’ என்று கத்திக்கொண்டு பேத்தி இரண்டாம் கட்டுக்கு ஓடினாள். என்னமோ பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி. என் மனைவி பணியாரக் கரண்டியோடு வந்து, முடியாததற்கு ஏன் இத்தனை கும்மாளம் என்று கேட்டாள். அவளுக்கும் 14, 15 கதையை முதலிலிருந்து சொன்னோம்.

பிறகுதான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இந்த விளையாட்டை உண்டாக்கியவர் நோயெஸ் சாப்மன், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் கானஸ்டோட்டா என்ற சிற்றூரின் தபால் அதிகாரி. 1880இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பித்துப் பிடித்த மாதிரி எல்லாரும் இதை உருட்டினார்கள். சாம் லாய்ட் என்ற புகழ்பெற்ற புதிர்க்காரர் தானே கண்டுபிடித்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டார், அது பொய். 14, 15 மாறிய அடுக்கைச் சரிசெய்பவருக்கு 1,000 டாலர் தருவதாகவும் அறிவித்தார். அந்தப் பணம் யாருக்கும் போகவில்லை, போகவும் முடியாது. 1879ஆம் ஆண்டிலேயே ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் கணித இதழில் அதை நிறுவிவிட்டார்கள். ஸ்டோரி இன்னொரு படி மேலே போய், ஒற்றை இரட்டை பொருந்துகிற எந்த அடுக்கிலிருந்தும் பொருந்துகிற எந்த அடுக்குக்கும் வழி உண்டு என்றும் காட்டினார். காலி இடத்தைக் கடைசி மூலையில் வைத்து 15 சில்லை அடுக்க 1,30,767 கோடியே 43 லட்சத்துச் சொச்சம் வகை உண்டு. அதில் சரிபாதி வரிசைக்கு வரும், சரிபாதி வராது.

சரிபாதி என்பதைப் படித்ததும் எனக்குக் கடை ஞாபகம் வந்தது. மறுநாள் காலை பேத்தியைக் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் போனேன்.

கடையில் விற்காமல் 12 பெட்டி இருந்தது. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, தரையில் சமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு சட்டத்திலும் காலி இடத்தைக் கீழ் மூலைக்குக் கொண்டுவந்து, பிசகை எண்ணினோம். நான் சொல்ல அவள் கோடு போட்டாள். ஒரு பெட்டிக்கு நாலைந்து நிமிடம். 12இல் 7 இரட்டைப்படை, 5 ஒற்றைப்படை. ஐந்தையும் தனியாக எடுத்து வைத்து, இவை வரிசைக்கு வராது என்று சொன்னோம். ‘உருட்டியே பாக்காம எப்படிண்ணே சொல்றீங்க?’ என்று கேட்டார் கடைக்காரர். நியாயமான கேள்வி. பேத்தி அவருக்கு வயது வரிசையைச் சொன்னாள். கடைக்கு வந்திருந்த இரண்டு பேரும் நின்று கேட்டார்கள்.

பின்கட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சில்லுகளைக் காடியில் எப்படிக் கோர்க்கிறீர்கள் என்று கேட்டேன். ‘கைக்கு வந்தபடிதாங்க. எப்படியும் கலைச்சுத்தானே விக்கணும்னு வரிசையெல்லாம் பாக்கறதில்ல’ என்றார். அங்கேதான் விஷயம். கைக்கு வந்தபடி கோர்த்தால் பாதிக்குப் பாதி பிசகும். முதலில் 1 முதல் 15 வரை வரிசையாகக் கோர்த்து, ஆணி அடித்து மூடி, அதற்குப் பிறகு உருட்டிக் கலைத்தால் ஒரு பெட்டியும் பிசகாது. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. ‘அப்ப இத்தன நாளா வாங்கிட்டுப் போனவுகள்லாம்...’ என்று நிறுத்தினார். அந்த வாட்டம்தான் அவர் எப்பேர்ப்பட்ட வேலைக்காரர் என்று எனக்குச் சொன்னது. மரத்தில் குறையில்லை, கையில் குறையில்லை, கணக்கு ஒன்றுதான், அதுவும் 1880இல் உலகமே தெரியாமல் உருட்டிய கணக்கு என்றேன்.

என் சட்டத்தைக் கழற்றி இரண்டு சில்லை மாற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் பேத்தியும் நானும் கண்டுபிடித்தது அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதை மாற்ற மனமில்லை.

பெட்டியோடு வருகிற புத்தகத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முதலிலேயே இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்க வேண்டியது அது. 48 பக்கம். நல்ல புதிர்களாகத்தான் பொறுக்கியிருக்கிறார்கள். புலி, ஆடு, புல்லுக்கட்டை ஆற்றைக் கடத்துவது இருக்கிறது. 40 சேர் எடைக்கல் கீழே விழுந்து நாலு துண்டாகி, அந்த நாலையும் வைத்து 1 முதல் 40 சேர் வரை நிறுத்த முடிந்தது, துண்டுகள் என்ன எடை என்பது இருக்கிறது. இது என் ஆத்தாள் எனக்குச் சொன்ன புதிர். 1, 3, 9, 27. சாமான் இருக்கிற தட்டிலும் கல்லை வைக்கலாம் என்று தோன்றுகிற நிமிடம்தான் அதன் உயிர். 2 சேர் வேண்டுமென்றால் ஒரு பக்கம் 3, சாமானோடு 1. அந்த நிமிடத்தை வாசகருக்குக் கொடுக்காமல், கேள்விக்கு நேர் கீழே அதே எழுத்தில் விடையை அச்சடித்திருக்கிறார்கள். கண் தானாகக் கீழே போய்விடுகிறது. புத்தகம் முழுக்க இப்படித்தான். பேத்திக்குக் கொடுக்கும்போது நான் ஒரு தபால் அட்டையை வைத்து மறைத்துக் கொடுத்தேன்.

ராமானுஜனின் வீட்டு எண் புதிரும் இருக்கிறது. 1914இல் கேம்பிரிட்ஜில் ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, நண்பர் மகாலனோபிஸ் பத்திரிகையில் வந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் 1, 2, 3 என்று வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடு. எந்த வீடு? கரண்டியை வைக்காமலே ராமானுஜன் விடையைச் சொன்னார், ஒரு விடையை இல்லை, இப்படிப்பட்ட எல்லாத் தெருவுக்குமான விடையைத் தொடர் பின்னமாக, பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒரே கணக்காகச் சொன்னார். புத்தகம் 288 வீட்டில் 204ஆம் வீடு என்று அச்சடித்துவிட்டு அடுத்த பக்கம் போகிறது. இது எவ்வளவு பெரிய நஷ்டம்! எட்டே வீடுள்ள தெருவில் தொடங்கச் சொல்லியிருக்கலாம். 6ஆம் வீடு: இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கம் 15. அடுத்தது 49 வீட்டில் 35. பிறகுதான் 288இல் 204. 1, 6, 35, 204 என்று எழுதிப் பார்த்தால், ஒவ்வொன்றும் முந்தியதை ஆறால் பெருக்கி அதற்கு முந்தியதைக் கழித்தது. அடுத்தது 1189 என்று பத்து வயதுப் பிள்ளை சொல்லும். சொன்னாள். 1681 வீடுள்ள தெரு. அப்படி ஒரு தெரு கானாடுகாத்தானில்கூட இருக்காது என்று அவளே சொன்னாள்.

பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் வருகிற பலாச்சுளைக் கணக்கையும் போட்டிருக்கிறார்கள். காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை. நாங்கள் ஒரு பழத்தில் முள்ளை எண்ணி 108 சுளை என்று கணக்கிட்டு அறுத்தோம், 97 இருந்தது. எந்த முள் காம்பருகு, எந்த முள் இல்லை என்பதிலேயே எங்களுக்குச் சண்டை. இது கைப்பக்குவம், சமையல் மாதிரி. வீட்டு எண் கணக்கு அப்படி இல்லை, அது பிசகவே பிசகாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘அதிசயக் கணக்குகள்’ என்று தலைப்புப் போட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்கத்தானே இந்தப் பெட்டி?

ஆக, வாங்கப் போகிறவர்களுக்கு: மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் 2,650 ரூபாய் தகும். சோமாத் துண்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து வாங்குங்கள். கோலிகளை எண்ணிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்று குறைந்தது, கேட்டதும் கொடுத்தார்கள். புத்தகத்தைப் பிள்ளைகளிடம் தருவதற்கு முன் தபால் அட்டை ஒன்றை உள்ளே வையுங்கள். 15 சில்லுச் சட்டத்தில் காலி இடத்தைக் கீழ் வலது மூலைக்குத் தள்ளிவிட்டுப் பிசகை எண்ணுங்கள். இரட்டைப்படை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஆசாரி வரிசையாகத்தான் கோர்க்கிறார், ஆனாலும் பழைய ஐந்தில் ஏதாவது கலந்திருக்கலாம்.

ஒற்றைப்படை வந்தால் எடுக்காதீர்கள் என்றுதான் இந்த இடத்தில் எழுதுவதாக இருந்தேன். பேத்தி ஊருக்குப் போவதற்கு முந்தின நாள்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட்டுச் சாய்ந்திருந்தேன். அவள் பட்டாலையில் உட்கார்ந்து எங்கள் பிசகிய சட்டத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். முடியாது என்று தெரிந்த பிறகும் ஏன் உருட்டுகிறாய் என்று கேட்டேன். ‘காலி எடத்தைக் கடைசில வச்சாத்தானே முடியாது? முதல்ல வச்சா?’ என்றாள். எதற்கு முதலில் வைக்க வேண்டும் என்றேன். ‘காலின்னா சுழியம். சுழியம் ஒண்ணுக்கு முன்னாடிதானே ஐயா வரணும்?’

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காலி இடம் கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்குப் போக மூன்று வரிசை ஏற வேண்டும். இடையில் எத்தனை ஏறி இறங்கினாலும் மொத்தம் ஒற்றைப்படைதான். ஒற்றைப்படை தடவை மாறினால், ஒற்றைப் பிசகு இரட்டையாகும். 0 இரட்டை. தடையில்லை. ஸ்டோரி காட்டியபடி, தடையில்லாத இடத்துக்கு வழி உண்டு. அதே 13, 15, 14 சட்டம்.

அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முதல் வரிசை காலி, 1, 2, 3. இரண்டாவது 4, 5, 6, 7. சாயங்காலம் காப்பி நேரத்துக்கு 12, 13, 14, 15 வந்து நின்றது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஆயாவைத் தேடி ஓடினாள். நான் கடைக்குப் போன் போட்டு, அந்த ஐந்து பெட்டியையும் கழற்ற வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லச் சொன்னேன். மூடியின் உட்புறம் ஒரு வரி மட்டும் எழுதினால் போதும்: இதில் காலி இடம் முதலில் வரும்.